கோலப்பன் நின்ற நாள்

மக்கா,

இதை ஆபீஸில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், முகம் கழுவி, எதையாவது தின்றுவிட்டு உட்கார்ந்து படி. கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. பந்தல்காரன் சொல் தவறினான், அழைப்பிதழில் சித்தப்பா பெயர் விட்டுப்போயிற்று என்று அப்பா வழக்கம்போல் புலம்பி எழுதியிருக்கிறார் என்று நினைத்துத்தான் இந்த உறையைப் பிரித்திருப்பாய். அதெல்லாம் நடக்கத்தான் செய்தது, அதைப் போனிலேயே புலம்பியாயிற்று. இது வேறு. பதினொரு வருடத்துக்கு முன்னால் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன், அதை இன்றுவரை அப்படியே நிற்க விட்டிருக்கிறேன். மேடையில் நீ என் காலைத் தொடுவதற்கு முன்னால் அது உனக்குத் தெரிய வேண்டும். போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்லிவிட முயன்றேன். மூன்று தடவையும் ‘பெங்களூர்ல மழ உண்டா மக்கா’ என்று கேட்டுவிட்டு உன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

என்னை இதற்குத் தள்ளியது நீ கட்டப்போகிற ஆதிராதான். அவள்மேல் கோபப்படாதே, அவளுக்கு ஒன்றும் தெரியாது. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கல்யாணப் புடவையை உன் அம்மாவுக்குக் காட்டக் கரமனையில் நம் வீட்டுக்கு வந்திருந்தாள். காட்டி முடித்ததும் டீயை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினாள். “அங்கிளே, இது வாயிச்சிட்டுண்டோ? அங்கிளினெப் பற்றியாணு” என்று தன் மலையாளத்தில், அதில் என்னைப் பற்றி இருக்கிறது, படித்தேனா என்று கேட்டாள். உன் விளையாட்டில் வரும் ரோபோக்களுக்காக நீ எழுதி இன்டர்நெட்டில் எல்லாரும் படிக்கப் போட்டிருக்கும் கையேடு அது. உங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம் ஏற்பட்டதே அதில் அவள் ஒரு பிழை கண்டுபிடித்து உனக்கு எழுதியதால்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். “ஞான் ஒரு தெற்று காணிச்சுக் கொடுத்து அங்கிளே. அர மணிக்கூரில் அவன் சம்மதிச்சு. அப்பத்தன்னே எனிக்கு இஷ்டமாயி” என்று சிரித்தாள். தன் தவறை அரை மணி நேரத்தில் ஒப்புக்கொண்டானே என்றுதான் அந்தப் பெண்ணுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. நான் டீயைக் கீழே வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தேன். பாதி புரிந்தது. கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டும் அந்த விளையாட்டு எனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மாடி அறையில் அதில்தான் கிடந்தாய். யாரோ விளையாடுகிறவர்களே செய்து அதில் சேர்த்த கூடுதல் பகுதியில் ரோபோக்கள் வந்தன என்பதும், ஒவ்வொருவனும் தன் ரோபோவுக்கு இஷ்டப்படி உறுப்புகளை மாட்டிக்கொள்ளலாம் என்பதும் தெரியும். ஒருவன் தோண்டும் கருவி மாட்டுவான், இன்னொருவன் பெட்டி மாட்டுவான், மூன்றாமவன் கண் மட்டும் வைத்துவிட்டுக் கையே இல்லாமல் விட்டிருப்பான். இப்படி ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும் ரோபோக்களிடம் எல்லாரும் ஒரே சொற்களால் வேலை வாங்குவதற்காக நீ செய்து வைத்திருப்பதுதான் அந்தக் கட்டளைத் தொகுப்பு. கையில்லாத ரோபோவிடம் ‘தோண்டு’ என்றால் அது பேசாமல் நின்றுவிடக் கூடாது, ‘எனக்குத் தோண்ட ஒன்றும் மாட்டவில்லை’ என்று சொல்ல வேண்டும். இதை நீ எவ்வளவு பொறுமையாக, முன்பின் தெரியாத ஒருவனுக்காக விளக்கி எழுதியிருக்கிறாய் என்று பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்க வேண்டாம்.

என்னைப் பற்றி அதில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். முதலாவது ஆரம்பத்திலேயே வருகிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு பதில் உண்டு, வேலை நடந்ததா என்பது ஒன்று, நடக்கவில்லையென்றால் காரணம் என்ன என்பது இன்னொன்று, இதை நான் என் அப்பாவின் பம்ப் ஹவுஸ் லாக் புக்கில் கற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவது, ‘இடி’ என்று நீ பெயர் வைத்திருக்கும் கட்டளையின் மேலே இருக்கிறது. அந்த உலகத்தில் இடி இடிக்கத் தொடங்கினால் ரோபோ வேலையை நிறுத்தி, எங்கே நிற்கிறோம், கையில் என்ன இருக்கிறது என்பதைக் குறித்து வைத்துவிட்டு, கூரைக்குக் கீழே போய் நிற்குமாம். அதற்கு மேல் ஒற்றை வரி. ‘எங்கள் வீட்டில் இடி விழுந்தபோது வெறுங்காலோடு மாடிக்கு ஓடி என் கம்ப்யூட்டரைக் காப்பாற்றப் பார்த்த அப்பாவுக்கு.’ ஆதிரா அதை வாய்விட்டுப் படித்து, “அங்கிள் ஹீரோ ஆணல்லோ” என்று என்னை ஹீரோவாகவே ஆக்கிவிட்டாள். நான் எழுந்து, மழை வரும்போல இருக்கிறது, துணி காய்கிறது என்று சொல்லி மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மாடியில் கால் வைக்க முடியாத வெயில். கொடியில் துணியும் இல்லை.

அந்த லாக் புக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் அந்தப் பம்ப் ஹவுஸுக்கு என்னோடு பகல் ஷிஃப்டில் வந்தாய். மோட்டார்கள் ஓடுகிற சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு, பேனலுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து லாக் புக்கைப் புரட்டினாய். எத்தனை மணிக்கு எந்த மோட்டாரைப் போட்டோம், ஓடியதா, நின்றதா, நின்றால் காரணம் என்ன என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு, “அப்பா, இங்க எப்பமும் இடியா வெட்டுகு?” என்று கேட்டாய். என்னோடு ஷிஃப்டில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். “துலா மாசம்லா மக்கா, இடி மழ உள்ள காலம்” என்றேன். உண்மை என்னவென்றால், எங்கள் பம்ப் ஹவுஸில் சொல்ல வெட்கமான காரணத்துக்கெல்லாம் ‘இடி’ என்றுதான் எழுதுவோம். கண்ணயர்ந்துவிட்டோம், வால்வைத் திறக்க மறந்து மோட்டாரைப் போட்டுவிட்டோம், தவறான சுவிட்சை அமுக்கிவிட்டோம், எல்லாம் இடிதான். மேலே இருக்கிற இன்ஜினீயர் வேறு எதை எழுதினாலும் நூறு கேள்வி கேட்பார். இடி என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார், வானத்துக்கு மெமோ கொடுக்க முடியாது அல்லவா. நான் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் எழுதினேன் என்று உன்னிடம் பீற்றிக்கொள்ளப் போவதில்லை. நீ அந்தக் கட்டத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லக் கற்றுக்கொண்டாய். நான் அதே கட்டத்தில் வேறொன்றைக் கற்றிருந்தேன்.

உனக்குப் பதினைந்து வயதில் என்னைப் பிடித்து இழுத்து அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தது ஞாபகம் இருக்கிறதா? பாதி சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் சதுரமாக ஒன்று நின்றது. அதற்குக் கோலப்பன் என்று பெயர் வைத்திருந்தாய். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டதற்கு, சொன்ன வேலையை மட்டும் செய்கிற ஆளுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றாய். முன்னால் போகச் சொல்லும் கட்டளையை என்னைத் தட்டச் சொன்னாய். தட்டினேன். அது நகரவில்லை. மறுபடி தட்டினேன். “சவம், சொன்னா கேக்க மாட்டேங்கு” என்றேன். “அப்பா, அது கேட்டாச்சு. அதுக்க முன்ன கல்லு கெடக்கு. கீழ எழுதியிருக்கத வாசிங்க” என்றாய். திரையின் அடியில் ‘முடியவில்லை, எதிரே கல்’ என்று இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை. “நீங்க மறுபடியும் மறுபடியும் அதே கட்டளையச் சொன்னா அது என்ன செய்யும்? கல்ல எடுக்கச் சொல்லுங்க, இல்ல சுத்திப் போகச் சொல்லுங்க” என்றாய். எனக்குச் சுருக்கென்று இருந்தது. வீட்டில் நான் உன்னிடம் பேசும் விதத்தைத்தான் சொல்லிக் காட்டுகிறாயோ என்று தோன்றிற்று. முகத்தில் சோப்பு காய்ந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டேன்.

பிளஸ் டூ முடிந்ததும் என்ட்ரன்ஸில் நான் எதிர்பார்த்த ரேங்க் வரவில்லை. நான் எதிர்பார்த்தது என்றுதான் சொல்கிறேன், உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்டதில்லை. ஊரில் எல்லாரும் செய்வதுபோல் உன்னையும் ஒரு வருடம், மறுபடி பரீட்சை எழுதுகிறவர்களுக்கான ரிப்பீட்டர் பேட்சில் திருச்சூர் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டேன். அங்கே போன் வைத்துக்கொள்ளக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஹாஸ்டல் போனில் பேசலாம். ஓணத்துக்கு வந்த நாலு நாளும் நீ மாடியிலேயே இருந்தாய். திரும்பிப் போகும்போது கம்ப்யூட்டரை நிறுத்தாமல் விட்டுவிட்டு, அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், என் கூட்டுக்காரர்கள் நாலு பேரும் இந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற உலகத்துக்குத்தான் வந்து போகிறார்கள் என்று எங்களிடம் சொன்னாய். சுவரில் ஒரு தாளையும் ஒட்டினாய். இடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உன் அம்மாவுக்காக எழுதியது. முதலில் சேமிக்கச் சொல்லும் கட்டளையைத் தட்ட வேண்டும், சேமித்தாயிற்று என்று பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும், கடைசியில்தான் பிளக்கை எடுக்க வேண்டும். அதுவரை கம்ப்யூட்டரைத் தூசு தட்டக்கூடத் தொடாதவள், துலா மாதம் பிறக்கும் முன்னே, கன்னி மாதத்திலேயே இரண்டு தடவை வானம் இருட்டியதும் மூச்சு வாங்க மாடியேறி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று, எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். இடி ஓய்ந்ததும் மறுபடி போட்டும் விட்டாள். நான் கீழே இருந்து கேலி செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடுவாய். போனை எடுத்ததும் உன் முதல் கேள்வி, “கம்ப்யூட்டர் ஓடுகா அப்பா?” அதற்குப் பிறகுதான் அம்மை எங்கே, சாப்பிட்டாச்சா என்பதெல்லாம். ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி. எனக்கு அது எப்படி இருந்தது என்று இப்போது மறைக்காமல் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. வாரத் தேர்வில் உன் ரேங்க் என்ன என்று சனிக்கிழமைதோறும் என் போனுக்கு மெசேஜ் வரும். துலா மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்த மெசேஜில் நீ அதற்கு முந்தின வாரத்தைவிட வெகுதூரம் கீழே போயிருந்தாய். உன் அம்மா நாகர்கோவிலில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மாடிக்குப் போனேன். திரையில் கோலப்பன் ஒரு வயலில் வரிசை வரிசையாகப் போய்க் கதிர் அறுத்து, விதை போட்டு, பெட்டியில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அங்கே தோற்றுக்கொண்டிருக்கிறாய், இது இங்கே உன் மூளையைத் தின்றுகொண்டு ஜாலியாக நடைபோடுகிறது என்று எனக்குப் பட்டது. குனிந்து பிளக்கைப் பிடித்து இழுத்தேன்.

அன்றைக்கு இடி வெட்டவில்லை மக்கா. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஜன்னல் வழியாக வெயில் உன் நாற்காலிமேல் விழுந்துகொண்டிருந்தது. சுவரில் அந்தத் தாள் என் தலைக்கு நேராக ஒட்டியிருந்தது, நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

இழுத்த மறுநிமிடமே பயம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்பாயே என்று மறுபடி மாட்டினேன். ஏதோ எழுத்துகள் வந்து நின்றுவிட்டது. திரும்பப் பிடுங்கினேன், திரும்ப மாட்டினேன், பெட்டியை இரண்டு தட்டும் தட்டினேன். பிறகு கடகடவென்று உள்ளே ஒரு சத்தம் வந்தது, அதோடு சரி. ஆட்டோ பிடித்துத் தம்பானூரில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, “டிஸ்க் போயி சாரே. எந்து பற்றி?” என்று, என்ன நடந்ததென விசாரித்தார். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று, “இடி.” அவரும் தலையாட்டி, “துலாமாசமல்லே” என்றார். இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டதுபோல் எனக்கு நிம்மதியாகிவிட்டது. மறுநாள் நீ கூப்பிட்டு, “கம்ப்யூட்டர் ஓடுகா அப்பா?” என்றாய். “இடி வெட்டிச்சு மக்கா. நான் வெறுங்காலோட ஓடினேன், அதுக்குள்ள போயிட்டு” என்றேன். வெறுங்காலை எதற்குச் சேர்த்தேன் என்று தெரியவில்லை. அழுவாய், கத்துவாய் என்று காத்திருந்தேன். அப்புறம், “உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே அப்பா? ஷாக் அடிக்கலியே? பிளக்கத் தொட்டிருக்கப்படாதுலா” என்று கேட்டாய். பத்து நிமிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அது ஒரு நாள் கோபத்தோடு முடிந்திருக்கும். எனக்குத் துணிச்சல் இல்லை.

உன் அம்மாவை ஏமாற்ற முடியவில்லை. ஊரிலிருந்து வந்தவள் பையை இறக்கி வைத்துவிட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “டிவிக்கு ஒண்ணும் ஆவல. மோடத்துக்கு ஒண்ணும் ஆவல. இடி படியேறிப் போயி கம்ப்யூட்டரப் பாத்து மட்டும் வெட்டிச்சோ?” என்று கேட்டாள். நம் ஊரில் இடி விழுந்தால் முதலில் போவது மோடம்தான் என்பது குழந்தைக்கும் தெரியும், எனக்கு அது தோன்றவில்லை. “சாரமில்ல, போகட்டும். நான் பிள்ளைகிட்டச் சொல்லப் போறதில்ல. நீங்க செஞ்சத நீங்களாக்கும் சொல்லணும்” என்றாள். அதற்குப் பிறகு இந்தப் பதினொரு துலா மாதத்திலும் ஒவ்வொரு இடி இடிக்கும்போதும் அவள் கையில் என்ன வேலை இருந்தாலும் நிறுத்திவிட்டு என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள்.

தீபாவளிக்கு நீ வந்தாய். கெட்டுப்போன டிஸ்கை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். நகல் எடுத்து வைத்திருந்தாய், ஆனால் அதுவும் அதே டிஸ்கில்தான் இருந்தது. “தப்பு எனக்கதாக்கும் அப்பா, வேற எடத்துல வச்சிருக்கணும்” என்று என்னைச் சமாதானப்படுத்தினாய். மறுநாள் என் போனை வாங்கி உன் கூட்டுக்காரர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், நீ வேண்டுமென்றே எல்லாவற்றையும் மூடிவிட்டு இடி என்று கதை விடுகிறாய், இரண்டு வருட உழைப்பைக் கெடுத்துவிட்டாய் என்று எழுதியிருந்தான். அதற்கு நீ எழுதிய பதில் ஒரே ஒரு வரி. ‘நான் ஊரில் இல்லை, எங்க அப்பா பார்த்தார், அவர் பொய் சொல்ல மாட்டார்.’ அவன் அதற்குப் பிறகு உன்னோடு பேசவே இல்லை என்று வெகுநாள் கழித்து நீயே சொன்னாய். ஒரு நண்பனை நீ இழந்தது இடியால் அல்ல, என்னால். என் பொய்க்கு நீ ஜாமீன் நின்று தோற்றாய்.

கோலப்பன் அந்த வயலில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதும் ஆதிரா காட்டிய கையேட்டில்தான் எனக்குப் புரிந்தது. நீங்கள் ஐந்து பேரும் முறை வைத்து அந்த உலகத்துக்குத் தானியம் விளைவித்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் உதாரணமாக எழுதியிருக்கிறாய். ஹாஸ்டலுக்குப் போகிறவன் தன் முறை வரும்போது மற்றவர்களைத் தவிக்கவிடக் கூடாது என்று, உன் பங்கு வேலையைக் கோலப்பனிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் விளையாட்டு என்று நினைத்தேன். நீ கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். ‘கம்ப்யூட்டர் ஓடுகா’ என்று நீ கேட்டதெல்லாம் அதைத்தான். ‘எதுக்கு மக்கா அது ஓடணும்?’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் திருப்பிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். உனக்கு எவருக்கும் புரியும்படிச் சொல்ல வரும், நான்தான் கேட்கவில்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க வரவில்லை. ஆதிராவிடம் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய நாள் வரும், அப்போது ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. காரணம் அசிங்கமாக இருந்தால் அசிங்கமாகவே சொல். பொறாமை என்றால் பொறாமை, பயம் என்றால் பயம். நான் உன் அம்மாவிடம் முப்பத்திரண்டு வருடமாக ‘வேண்டாம்னா வேண்டாம்’ என்று சொல்லியே ஓட்டிவிட்டேன், அவள் புத்திசாலியாக இருந்ததால் காரணத்தை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆதிரா நகராமல் நின்றால், நான் கோலப்பனிடம் செய்ததுபோல் அதே சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டாதே, எதிரே என்ன கிடக்கிறது என்று பார். இதெல்லாம் உன் பதினைந்து வயதில் நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். தாமதமாகத் திருப்பித் தருகிறேன். பிள்ளை பிறந்து, அது உனக்குப் புரியாத ஒன்றில் நாள் முழுவதும் கிடந்தால், பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார். சோப்பு காய்ந்தால் காயட்டும்.

இந்த உறைக்குள் மடித்து வைத்திருப்பது நீ சுவரில் ஒட்டிய அந்தத் தாள். உன் அம்மா கிழித்துப் போடாமல் இத்தனை வருடம் பீரோவில் வைத்திருந்திருக்கிறாள். இந்தக் கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். முதல் தடவையாக முழுவதும் படித்தேன். கடைசியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய், ‘அம்மை, இடி பக்கத்துல வெட்டினா இது ஒண்ணும் செய்யாண்டாம். எல்லாத்தையும் விட்டுட்டு எறங்கி வந்திரு. போனா போகட்டும்.’ பதினெட்டு வயதுப் பையன், தன் இரண்டு வருட உழைப்பைவிட அம்மா பெரிது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதற்குக் கீழே நின்றுதான் நான் பிளக்கைப் பிடுங்கினேன். என்னை மன்னித்துவிடு மக்கா. இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என்மேல் கோபம் வந்தாலும் ‘இடி’ கட்டளையை எடுத்துவிடாதே. யார் யாரோ எந்தெந்த ஊரிலோ இருந்து அதைத் தட்டுகிறார்களாம், அவர்களுடைய ரோபோக்கள் பத்திரமாகக் கூரைக்குள் போய் நிற்கின்றனவாம், ஆதிரா சொன்னாள். பொய்யிலிருந்து நீ ஒரு நல்ல காரியம் செய்துவிட்டாய், அது இருக்கட்டும். அதற்கு மேலே என்னைப் பற்றி இருக்கும் வரியை மட்டும் மாற்று. நீ ஊரறிய என்னைப் புகழ்ந்திருக்கிறாய், ஆகையால் திருத்தமும் ஊரறியத்தான் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தையே எல்லாரும் படிக்கும்படிப் போட்டாலும் சரி, அந்தக் கோயம்புத்தூர்ப் பையனுக்கு ஒரு பிரதி அனுப்பினாலும் சரி. உன் அப்பா பொய் சொன்னார், நீ சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

இது உன் கைக்கு வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று தபால்காரர் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கோபமாக இருந்தாலும் கூப்பிடு. இந்தத் தடவை மழையைப் பற்றிக் கேட்க மாட்டேன், அம்மையிடம் போனைக் கொடுக்கவும் மாட்டேன். எடுத்ததும் பழையபடி ஒரு தடவை கேள், “கம்ப்யூட்டர் ஓடுகா அப்பா?” என்று.

“இல்ல மக்கா, நான் பிடுங்கிட்டேன்” என்று சொல்ல எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடு.

உன் அப்பா